ஏழரையில் நிற்கும் நாயனம்

லோரோங் கூலிட் சந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குள் போய்விட வேண்டும். பத்துக்கு மேல் போனால் வெயிலும் ஏறியிருக்கும், விலையும் ஏறியிருக்கும். பினாங்கு சிட்டி ஸ்டேடியத்தை ஒட்டிய அந்தச் சந்தையில் ஒரு பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். பழைய ரேடியோக்களுக்கும் யாருக்கும் வேண்டாத சார்ஜர்களுக்கும் நடுவே ஒரு கேம் பாய் கிடந்தது. சாம்பல் நிறம், செங்கல் கனம். 1989-இல் நிண்டெண்டோ வெளியிட்ட கையடக்க விளையாட்டுக் கருவி, அதன் முதல் மாடல். 90 வெள்ளி (ரிங்கிட்) சொன்னார், 60-க்குப் படிந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பேட்டரி அறையில் உப்புப் பூத்திருந்தது. திரையில் செங்குத்தாக நாலைந்து கோடுகள் காணவில்லை. எனக்கு வேலை பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் என்பதால் இதற்கெல்லாம் பயமில்லை. உப்பை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்தேன். திரையின் கீழ் விளிம்பில் ஓடும் ரிப்பன் இணைப்பின்மேல் சூடான சால்டரிங் அயர்னை மெல்ல இழுத்தால் காணாமல் போன கோடுகள் திரும்ப வரும். அழுத்திவிட்டால் திரையே போய்விடும், கவனம். எனக்கு இரண்டு கோடு வந்தது, மூன்று வரவில்லை. போகட்டும், நான் வாங்கியது பார்ப்பதற்கு அல்ல, கேட்பதற்கு.

கேம் பாயில் இசையமைக்க எல்எஸ்டிஜே என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. சுவீடனைச் சேர்ந்த ஜோஹான் கோட்லின்ஸ்கி எழுதியது; 2000-இல் வெளிவந்து இன்றும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. கார்ட்ரிட்ஜில் ஏற்றிச் செருகினால் விளையாட்டுப் பொம்மை இசைப்பெட்டியாகிவிடும். அதில் நாயனம் வாசிக்க வைக்க வேண்டும் என்பது என் ஆசை. காரணம் என் மாமா. முப்பது வருஷத்துக்கு மேல் கோவிலில் நாகசுரம் வாசித்தவர். பல் கட்டிய பிறகு நாயனத்தை உறையில் போட்டு அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார். இறக்கச் சொல்லி யாரும் கேட்பதுமில்லை, கேட்டால் அவருக்குப் பிடிப்பதுமில்லை.

கேம் பாயில் ஒலிக்கென்று தனிச் சில்லு கிடையாது. மூளையாக இருக்கும் சில்லுக்குள்ளேயே நான்கு சேனல்கள். முதல் இரண்டும் பல்ஸ், அதாவது சதுரமாக ஏறி இறங்கும் அலை; நான்காவது நாய்ஸ், வெறும் இரைச்சல். மூன்றாவதுதான் வேவ்டேபிள், அதாவது அலையின் உருவத்தை நாமே வரைந்து கொடுக்கும் சேனல். 32 புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 15 வரை ஓர் உயரம். மொத்தம் 16 பைட். புள்ளி வைத்துக் கோலம் போடுகிற மாதிரிதான். போட்ட கோலத்தைச் சில்லு சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டே இருக்கும்.

இதைப் படித்ததும் எல்லோரும் செய்கிற தப்பைத்தான் நானும் செய்தேன். மாமாவின் பழைய கேசட் ஒன்றைக் கணினியில் ஏற்றி, ஒரு நீண்ட ஷட்ஜத்தைப் பிடித்து, அதில் ஒரே ஒரு சுற்றை வெட்டி, 32 புள்ளிகளாக நறுக்கி அப்படியே சேனலில் போட்டேன். உருவம் அச்சு அசல். இனி நாயனம்தான் என்று நினைத்தேன்.

"பலூன்காரன் பீப்பி மாதிரி இருக்குடா" என்றார் மாமா. தே ஓ (பாலில்லாத் தேநீர்) கோப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

மூன்று வாரம் அலையை மட்டுமே மாற்றி மாற்றி வரைந்துகொண்டிருந்தேன். ஒரே ஒரு விஷயம் உருப்படியாகப் புரிந்தது. சதுர அலையிலிருந்து தொடங்கக் கூடாது. ஒரு சுரத்தோடு அதன் மடங்குகளாகச் சேர்ந்து ஒலிப்பவை மேற்சுரங்கள்; சரிபாதியாக ஏறி இறங்கும் சதுர அலையில் அவற்றில் ஒற்றைப்படையானவை மட்டுமே இருக்கும். அது கிளாரினெட்டின் குணம், அந்தக் குழாய் உருளை. நாயனத்தின் உலவு, அதாவது அதன் குழாய், மேலே குறுகிக் கீழே அகன்று போவது. அதனால் ஒற்றை இரட்டை எல்லா மேற்சுரங்களும் அதில் பேசும். ஒரு பக்கம் சட்டென்று ஏறி, இறங்கி, பிறகு நடுவில் சின்னச் சின்னதாக நெளியும் அலைதான் கிட்டத்தில் வந்தது. அப்போதும் பீப்பிதான். கொஞ்சம் விலை கூடிய பீப்பி.

உண்மையான கோளாறு எங்கே என்று பிடிபட்டது மேல் ஸ்தாயிப் பஞ்சமத்தில். மாமாவுக்கு இரண்டு கட்டைச் சுருதி. அதில் மேல் பஞ்சமம் 880 ஹெர்ட்ஸ். அந்த இடத்துக்குப் போகும்போதெல்லாம் காதில் ஏதோ உறுத்தியது. ட்யூனர் வைத்துப் பார்த்தேன்: சுருதி விலகியிருந்தது. அசையாத சுரம் என்று ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும்தான் சொல்வோம். அந்தப் பஞ்சமமே அசைந்திருந்தது!

காரணம் எளிய வகுத்தல் கணக்கு. வேவ் சேனல் 65536 என்ற எண்ணை 1 முதல் 2048 வரையுள்ள ஏதாவது ஒரு முழு எண்ணால் வகுத்துத்தான் சுருதி எடுக்கிறது. 74-ஆல் வகுத்தால் 885.6 ஹெர்ட்ஸ். 75-ஆல் வகுத்தால் 873.8. நமக்கு வேண்டிய 880 இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. எதை எடுத்தாலும் 11, 12 சென்ட் தள்ளித்தான் நிற்கும். ஒரு சுரத்தானத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 100 சென்ட் என்று வைத்துக்கொண்டால், இந்த உயரத்தில் அந்த இடைவெளிக்குள் நாலே நாலு படிதான் இருக்கிறது. வீணையில் இழுப்பதைப் படிக்கட்டில் ஏறி இழுத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது என் கமகம். கீழ் ஸ்தாயியில் வகுக்கும் எண் பெரிதாக இருப்பதால் படிகள் நெருங்கியிருக்கும், தெரியாது. மேலே போகப் போகப் படி அகலமாகிவிடும்.

இதற்கு நான் கண்டுபிடித்த வழி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் சிப் இசைக்காரர்களுக்கு இது பழைய பழக்கம். 32 புள்ளிகளில் ஒரு சுற்று வரையாதீர்கள். பதினாறு பதினாறாக இரண்டு சுற்று வரையுங்கள். அப்போது சேனல் ஒரு தடவை ஓடி முடிப்பதற்குள் அலை இரண்டு தடவை முடிந்திருக்கும். சுரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். சுரங்களை வரிசையாக எழுதும் டிராக்கரில், அதாவது எல்எஸ்டிஜேயில், ஒரு ஸ்தாயி இறக்கி எழுதினால் சரியாகிவிடும். இறக்கி எழுதுவதால் வகுக்கும் எண் இரட்டிப்பாகிறது, படிகளின் அகலம் பாதியாகிறது. அதே பஞ்சமம் இப்போது 149-ஆல் வகுபட்டு 879.7-இல் வந்து உட்கார்ந்தது. ஒரு சென்ட்கூடத் தள்ளவில்லை.

இதற்கு விலை உண்டு. 32 புள்ளியில் 16 மேற்சுரம் வரை வடிக்கலாம், 16 புள்ளியில் எட்டோடு சரி. ஆனால் நாயனத்தின் கரகரப்புக்கு இந்தச் சொரசொரப்பு பாதகமாக இல்லை. நான்கு சுற்றாகவும் வரைந்து பார்த்தேன், எட்டெட்டுப் புள்ளி. சுருதி வழுவழுவென்று போகிறது, குரல்தான் கொசு மாதிரி ஆகிவிட்டது. இரண்டு சுற்றே என் முடிவு.

கடைசியில் நின்ற அலை இது. வேண்டுமென்பவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: 15, 14, 10, 5, 2, 4, 7, 8, 7, 6, 7, 8, 7, 6, 7, 7. இதையே மறுபடியும் ஒருமுறை எழுதினால் 32 நிரம்பிவிடும்.

கூட்டிப் பாருங்கள், 120 வரும். பதினாறால் வகுத்தால் ஏழரை. நம் ஊரில் ஏழரை என்றாலே திருநள்ளாறு வரை ஓடுவோம். இங்கே ஏழரை நமக்கு நல்லது. 0-க்கும் 15-க்கும் சரியான நடு அதுதான். ஓர் அலையிலிருந்து இன்னோர் அலைக்குத் தாவும்போது இரண்டின் சராசரியும் ஒன்றாக இல்லாவிட்டால் 'டப்' என்று ஓர் அடி விழும். ஹெட்போனில் கேட்டால் நெஞ்சில் குத்துகிற மாதிரி இருக்கும். அதனால் நான் வரைகிற எந்த அலையையும் முதலில் கூட்டிப் பார்ப்பேன். 118 வந்தால் எங்காவது இரண்டு புள்ளியை ஒரு படி ஏற்றிவிடுவேன்.

சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதிலும் இதே சராசரிதான் காலை வாரும். வேவ் சேனலில் ஒலியளவுக்கு நான்கே நிலை: முழுசு, பாதி, கால், ஒன்றுமில்லை. பாதியில் வைத்தால் பதினாறு உயரப் படிகள் எட்டாகச் சுருங்கும், காலில் நாலாகும். குரல் மெலிவதோடு உருவமும் தேய்ந்துவிடும், சராசரியும் நடுவை விட்டு நகர்ந்துவிடும். அந்தப் பக்கமே போகாமல் ஒலியளவை முழுசிலேயே வைத்துவிட்டேன். அதே அலையை ஏழரையைச் சுற்றிச் சிறிதாக்கி, இன்னும் சிறிதாக்கி, ஐந்தாறு அலைகளாக வரைந்து வைத்துக்கொண்டேன். ஊதும் மூச்சு ஏறி இறங்குவதை இந்த அலைகளை வரிசையாக மாற்றிக் காட்டலாம். சுரத்தின் நடுவில் அடிக்கடி மாற்றக் கூடாது. பழைய கேம் பாயில் சேனல் ஓடும்போது அலை நினைவகத்தை ஒழுங்காகத் தொட முடியாது. நிறுத்தி, ஏற்றி, மறுபடி தொடங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன 'டிக்'. சுரம் தொடங்கும் இடத்திலேயே மாற்றினால் அந்த 'டிக்' தாளத்துக்குள் ஒளிந்துகொள்ளும்.

இவ்வளவும் முடித்து மாமாவிடம் மறுபடி போனேன். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி, லிஃப்ட் அன்றைக்கும் வேலை செய்யவில்லை. இந்தத் தடவை கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்டார்.

"சுருதி நிக்குது. சீவாளிதான் காஞ்சிருக்கு."

"மாமா, இதுல சீவாளியே இல்லையே."

"அதான் சொல்றேன். துத்துகாரம் இல்ல. எடுத்த எடுப்புல முழுக் குரல் வருது பாரு, மனுசன் அப்படி ஊத மாட்டான்."

சீவாளி என்பது நாயனத்தில் வாய் வைத்து ஊதும் நாணல்; துத்துகாரம் என்பது நாக்கால் அதைத் தட்டிச் சுரத்தைத் தொடங்குவது. ஈரச் சீவாளியில் அந்தத் தட்டலுக்குப் பிறகு குரல் திறக்க ஒரு கண்ணிமை நேரம் பிடிக்கும். என் கருவியில் அந்தக் கண்ணிமை இல்லை. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு சுரத்தின் தலையிலும் வேறோர் அலையை வைத்தேன், மேற்சுரம் அதிகமில்லாத மொண்ணையான ஒன்று. அது டிராக்கரின் மிகச் சின்னக் கால அளவான ஒரே ஒரு டிக் நேரம், அதாவது ஒரு வினாடியில் சுமார் அறுபதில் ஒரு பங்கு. பிறகு முழு அலை. சுருதியையும் அந்த முதல் டிக்கில் கொஞ்சம் கீழே தொடங்கி மேலே சேர்த்தேன். அன்றைக்கு ராத்திரி இரண்டு மணிக்கு, மூடிய அறையில், ஹெட்போனுக்குள் ஒருவர் மூச்சு இழுத்து ஊதுகிற மாதிரி கேட்டது. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

கமகத்துக்கு நான் தொட்ட ராகம் தோடி. திமிர்தான். டிராக்கரில் குரலை அசைக்க ஒரு கட்டளை உண்டு; காந்தாரத்தில் அதைப் போட்டால் ஆம்புலன்ஸ் போகிறது. வேகத்தைக் குறைத்தேன், ஆம்புலன்ஸ் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டது. மாமாவைப் பாடச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்து பாதி வேகத்தில் ஓட்டிக் கேட்டேன். அவர் காந்தாரத்தில் நிற்கவே இல்லை. ரிஷபத்திலிருந்து மத்தியமத்துக்கு ஏறி, சறுக்கி, மறுபடி ரிஷபத்தைத் தொட்டு ஏறுகிறார். நான் காந்தாரம் என்று கேட்டுக்கொண்டிருந்தது அந்தப் போக்குவரத்தை. சங்கீதம் படித்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம், எனக்குத்தான் புதுசு. அதற்குப் பிறகு டிராக்கரில் காந்தாரம் என்று எதையும் எழுதவில்லை. ரிஷபம் எழுதி, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் 'எல்' கட்டளையால் மத்தியமத்துக்கு இழுத்து, சீரில்லாத இடைவெளிகளில் திரும்ப இறக்கினேன். காந்தாரம் கேட்டது. இதைப் போட்டுப் பார்க்க முதல் வாரம் வரைந்த மட்டமான அலையைத்தான் எடுத்தேன், அந்த விலை கூடிய பீப்பியை. அதிலும் நாயனமாகவே கேட்டது. மூன்று வாரம் உருவத்தை வரைந்துகொண்டிருந்தவனுக்கு இது கொஞ்சம் கசப்புதான்.

தவிலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதன் வலது முகமான வலந்தலைக்கு நாய்ஸ் சேனலில் மிகக் குறுகிய வெட்டு. இடது முகமான தொப்பிக்கு முதல் பல்ஸ் சேனல். அதில் மட்டும்தான் சுருதியைத் தானாகச் சரியவைக்கும் வசதி வன்பொருளிலேயே இருக்கிறது, மேலிருந்து வேகமாக இறக்கினால் போதும். ஒரே சுரத்தில் விடாமல் ஒலித்துச் சுருதி பிடிக்கும் ஒத்துக்கு இரண்டாவது பல்ஸ், ஷட்ஜத்தில் தாழ்ந்த குரலில் நிற்கட்டும். ஒன்று மட்டும்: கேம் பாயின் சொந்த ஸ்பீக்கர் சின்னது, தொப்பியின் கனம் அதில் வரவே வராது. ஹெட்போன் துளையில் வயர் போட்டு வெளியே எடுத்துக் கேளுங்கள். ஸ்பீக்கரிலும் கேட்க வேண்டுமென்றால் அடியின் தலையில் கொஞ்சம் உயர்ந்த சத்தம் ஒன்றைச் சேருங்கள், மீதியைக் காது தானே நிரப்பிக்கொள்ளும்.

வேடிக்கை என்னவென்றால், நாயனத்துக்கு மூன்று மாதம் மல்லுக்கட்டிய இதே சேனலில் உறுமி பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது. என் அக்கா மகன் தைப்பூசத்துக்கு உறுமி மேளம் அடிக்கிற கோஷ்டியில் இருக்கிறான். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது வருகிற அந்த 'ஊம்ம்' என்ற முனகலைக் கீழ் ஸ்தாயியில் ஒரே ஒரு சறுக்கலில் பிடித்துவிடலாம். அங்கே படிகள் நெருக்கம், அலையும் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. பையன் கேட்டுவிட்டு, "மாமா, இத ரிங்டோனா அனுப்புங்க" என்றான். தோடிக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

அந்தத் தோடி இன்று என்னிடம் இல்லை. பாட்டுகளைச் சேமிக்கும் கார்ட்ரிட்ஜை இணையத்தில் வாங்கினேன், புதுப் பேட்டரி போட்டது என்று எழுதியிருந்தார்கள். இந்த வகைக் கார்ட்ரிட்ஜில் ஒரு காசளவுப் பேட்டரி உயிரோடு இருக்கும் வரைதான் சேமித்தது நிற்கும். ஒரு திங்கட்கிழமை ஆன் செய்தபோது பட்டியல் காலி. ஆறு வார வேலை. பிரித்துப் பார்த்தால் பேட்டரி எப்போதோ செத்துக்கொண்டிருந்த பழசு. விற்றவரிடம் சண்டை போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு முறை உட்கார்ந்து எழுந்ததும் சேமிப்புக் கோப்பைக் கணினிக்கு நகல் எடுத்துவிடுகிறேன், தேதி போட்டு. பேட்டரி இல்லாமல் சேமிக்கும் கார்ட்ரிட்ஜ்களும் கிடைக்கின்றன. காசு கூடினாலும் அதையே வாங்குங்கள்.

வன்பொருள் வேண்டாம், கணினியில் பழகிப் பார்க்கிறேன் என்பவர்களுக்கு ஃபர்னஸ் என்ற டிராக்கர் இலவசம். கேம் பாய் மட்டுமல்ல, பல பழைய சில்லுகள் அதில் இருக்கின்றன. வேவ்டேபிளிலேயே முழுக் கச்சேரி வேண்டுமென்றால் 1987-இல் வந்த பிசி எஞ்சின் என்ற விளையாட்டுக் கருவியின் சில்லை எடுங்கள். ஆறு சேனலும் வேவ்டேபிள். அதே 32 புள்ளிகள், ஆனால் உயரத்துக்கு 16-க்குப் பதிலாக 32 படிகள். ஒலியளவும் ஒவ்வொரு சேனலுக்கும் நுணுக்கமாகக் குறையும். அதில் இரட்டை நாயனம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் முதலில் கேம் பாயில் ஒரே சேனலோடு அல்லாடிவிட்டு அங்கே போவது நல்லது என்று நினைக்கிறேன். ஆறு சேனல் கையில் இருந்திருந்தால் நான் பஞ்சமத்தைச் சந்தேகப்பட்டிருக்கவே மாட்டேன், இன்னொரு சேனலைப் போட்டு மூடியிருப்பேன்.

தோடி போனதும் திரும்ப எழுத மனம் வரவில்லை. கம்பீர நாட்டையில் மல்லாரி மாதிரி ஒன்றரை நிமிஷத்துக்கு எழுதினேன். சாமி புறப்பாட்டில் வாசிப்பது. கமகத்தைவிடத் தாளக்கட்டு முக்கியம், சில்லுக்கும் அது தோதுப்படும். தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்னால் மாமா வீட்டுக்கு எடுத்துப் போனேன். தண்ணீர்மலைக்குப் போகிற ரதத்துக்கு உடைக்கத் தேங்காய் வாங்கி மூட்டையாக வாசலில் வைத்திருந்தார்கள். அத்தை அடுப்படியில் இருந்தார்.

மாமா முழுசாகக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலி போட்டு ஏறி அலமாரிக்கு மேலிருந்து உறையை இறக்கினார். "விழுந்து வைக்காதீங்க" என்று அத்தை உள்ளேயிருந்து கத்தினார். ஒரு சீவாளியை எடுத்து வாயில் போட்டு ரொம்ப நேரம் நனைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அந்த ஒத்த மட்டும் விடு" என்று கை காட்டினார்.

மற்ற சேனல்களை அடக்கிவிட்டு ஒத்தை மட்டும் விட்டேன். சன்னமாக ஒரு ஷட்ஜம் ஊதிப் பார்த்தார். அவருடையது கொஞ்சம் கீழே இருந்தது.

"பொறுங்க மாமா, சுருதியை மாத்துறேன்" என்று நான் மெனுவுக்குள் போய்த் தேடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவர் சீவாளியைத் தாங்கும் கெண்டையை ஒரு துளி உள்ளே அழுத்திவிட்டு மறுபடி ஊதினார். பல் இடம் கொடுக்கவில்லை, மூச்சு நாலு வினாடிதான் நின்றது. அந்த நாலு வினாடியும் இரண்டு ஷட்ஜமும் ஒட்டிக்கொண்டு நின்றன.